டயட் சோடாவுக்கு மாறியும் எடை ஏன் நின்றுவிட்டது?

கேள்வி: எனக்கு வயது 36. எடை 74 கிலோ. உட்கார்ந்தே செய்கிற வேலை. முன்பு தினமும் இரண்டு கேன் கோலா குடிப்பேன். நான்கு மாதத்துக்கு முன் டயட் கோலாவுக்கு மாறினேன். முதல் இரண்டு மாதத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தது, அதன் பிறகு அப்படியே நின்றுவிட்டது. கலோரிதான் இல்லையே என்று இப்போது ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து கேன்கூட ஆகிறது. சாயங்காலம் கேனோடு ஒரு சிப்ஸ் பாக்கெட். இரவு பத்து மணிக்கு மேல் மீதி வேலையைப் பார்க்கும்போது கடைசி கேன். டயட் சோடாதான் எடையைக் குறையவிடாமல் தடுக்கிறது, இன்சுலினை ஏற்றிவிடும், புற்றுநோய் வரும் என்று அண்ணன் பயமுறுத்துகிறார். என் தோழியோ, "கலோரியே இல்லாததை எவ்வளவு குடித்தால் என்ன?" என்கிறாள். நான் இதை அடியோடு நிறுத்த வேண்டுமா? சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் அம்மாவும் இப்போது இதையேதான் குடிக்கிறார். அது சரிதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அடியோடு நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நான்கைந்து கேன் வேண்டாம். ஒன்று போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. உங்கள் எடை நின்றுபோனதற்குக் காரணம் அந்தக் கேனுக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கேனை நம்பி நீங்கள் சேர்த்துக்கொண்டவற்றில்தான் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சாதாரண கோலா கேன் ஒன்றைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். 330 மில்லி கேன் என்றால் சர்க்கரை சுமார் 35 கிராம், சக்தி சுமார் 140 கலோரி என்று பொடி எழுத்தில் இருக்கும். ஒரு டீஸ்பூன் 4 கிராம் என்று வைத்துக்கொண்டால் எட்டு ஒன்பது டீஸ்பூன் சர்க்கரை. நாள் முழுவதும் சேரும் சர்க்கரை மொத்தச் சக்தியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது 50 கிராம், 25 கிராம் என்று வரும். நீங்கள் குடித்த இரண்டு கேனிலேயே 70 கிராம் போய்க்கொண்டிருந்தது. அதை விட்டது பெரிய காரியம். அண்ணன் பேச்சைக் கேட்டு அந்த முடிவே தவறோ என்று குழம்ப வேண்டாம்.

இரண்டு கேனை விட்டதில் தினமும் மிச்சமானது 280 கலோரி. இரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 17,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு குறைய சுமார் 7,700 கலோரி மிச்சமாக வேண்டும் என்பது நாங்கள் தோராயமாகப் போடும் கணக்கு. அப்படிப் பார்த்தால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். உங்களுக்குக் குறைந்ததும் அதேதான்! அதாவது, முதல் இரண்டு மாதத்தில் நீங்கள் இழந்த எடை முழுவதும் அந்தச் சர்க்கரையை விட்டதால் வந்தது. டயட் சோடா எடை குறைவதைத் தடுக்கிற பொருளாக இருந்திருந்தால் அந்த இரண்டு மாதமும் தடுத்திருக்க வேண்டுமே?

சரி, அப்புறம் ஏன் நின்றது? "உடம்பு பழகிவிட்டது" என்று பலர் சொல்வார்கள். எடை குறையக் குறைய உடல் செலவழிக்கும் சக்தியும் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு கிலோ குறைந்ததற்காக 280 கலோரி அளவுக்கு உடல் சுருங்கிக்கொள்ளாது. இவ்வளவு சீக்கிரம் எடை நிற்கிறது என்றால், விட்ட கலோரி வேறு வழியாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "சாயங்காலம் கேனோடு ஒரு சிப்ஸ் பாக்கெட்." உருளைக்கிழங்கு சிப்ஸ் 100 கிராமில் 530 கலோரி அளவுக்கு இருக்கும். 50 கிராம் பாக்கெட் என்றால் 265. இரண்டு கேனை விட்டு மிச்சம் பிடித்த 280 கலோரியை ஒரே பாக்கெட் ஏறக்குறைய முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பாக்கெட் எப்போது வழக்கமானது என்று யோசித்துப் பாருங்கள். டயட் கோலாவுக்கு மாறிய பிறகுதான் என்றால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். "குடிப்பதில் ஒன்றும் இல்லை, அதனால் தின்பதில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை" என்று மனது தானாகவே ஒரு சலுகை கொடுத்துவிடும். உங்களிடம் கட்டுப்பாடு இல்லை என்று இதைச் சொல்லவில்லை. எல்லா மனிதர்களுக்கும் நடப்பது. இன்னொரு விஷயமும் உண்டு: உப்பும் எண்ணெயும் நிறைந்த தின்பண்டத்துக்கு நடுவே குளிர்ந்த, இனிப்பான ஒரு மடக்கு குடித்தால் வாய் அலுக்காது, பாக்கெட் காலியாகும் வரை கை போய்க்கொண்டே இருக்கும்.

அண்ணன் சொல்வதையும் காற்றில் வந்த வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. டயட் சோடா குடிப்பவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பலவற்றில், அவர்களுக்கு உடல் பருமனும் சர்க்கரை நோயும் இதய நோயும் அதிகமாகத்தான் தெரிந்தன. அதைப் படிப்பவர்கள் பயப்படுவது இயல்பு. ஆனால் டயட் சோடாவைத் தேடிப் போவது யார்? ஏற்கெனவே எடை கூடிக்கொண்டிருப்பவர்கள், டாக்டர் எச்சரித்தவர்கள், குடும்பத்தில் சர்க்கரை நோய் இருப்பவர்கள். எது காரணம், எது விளைவு என்று அந்த வகை ஆய்வில் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அதனால் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு இதையும் இன்னொரு குழுவுக்கு அதையும் கொடுத்து நடத்திய சோதனைகளைத்தான் நான் அதிகம் நம்புவேன். நெதர்லாந்தில் 641 குழந்தைகளுக்கு 18 மாதம் தினமும் 250 மில்லி பானம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, பாதிப் பேருக்குச் செயற்கை இனிப்பு சேர்த்தது. யாருக்கு எது என்று குழந்தைகளுக்கும் தெரியாது. வளரும் வயது என்பதால் எல்லோருக்கும் எடை கூடத்தான் செய்தது, ஆனால் சர்க்கரை குடித்தவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோ அதிகம் கூடியிருந்தது. முடிவு 2012-ல் வெளியானது. டென்மார்க்கில் அதே ஆண்டு வெளியான சிறிய சோதனை ஒன்றில், எடை கூடிய பெரியவர்கள் ஆறு மாதம் தினமும் ஒரு லிட்டர் குடித்தார்கள்: சிலர் சாதாரண கோலா, சிலர் டயட் கோலா, சிலர் பால், சிலர் தண்ணீர். சாதாரண கோலா குடித்தவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறியது. டயட் கோலா குடித்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை. ஆகவே சர்க்கரைப் பானத்தின் இடத்தில் டயட் பானம் வந்தால் நன்மைதான். இதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

தண்ணீரோடு ஒப்பிட்டால் என்ன? இங்கே விடை அவ்வளவு சுத்தமாக இல்லை. அமெரிக்காவில் சுமார் 300 பேரை வைத்து, எடை குறைப்புப் பயிற்சியோடு சேர்த்து ஓராண்டு நடத்திய சோதனையில், டயட் பானம் குடித்தவர்களுக்குச் சராசரியாக ஆறு கிலோவும் தண்ணீர்க் குழுவுக்கு இரண்டரை கிலோவும் குறைந்திருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்குப் பணம் கொடுத்தது குளிர்பான நிறுவனங்களின் சங்கம். அதற்காகவே முடிவு பொய் என்று ஆகிவிடாது. ஆனாலும் அதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. ஈரானில் பெண்களிடம் 24 வாரம் நடத்திய சோதனையில், மதிய உணவுக்குப் பிறகு டயட் பானத்துக்குப் பதில் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது: இனிப்பான பானம் இல்லாமல் இருக்கவே முடியாது என்பவருக்கு டயட் சோடா டயட்டில் நிலைத்து நிற்க உதவுகிறது. தண்ணீரிலேயே திருப்தி அடைபவருக்கு அதனால் லாபம் ஒன்றும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம், எடையைக் குறைப்பதற்கென்று இந்த மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று சொன்னதும் இந்த இடத்தில் வருகிறது. அண்ணன் கேள்விப்பட்டது அதுவாக இருக்கலாம். அது இவற்றை விஷம் என்று சொல்லவில்லை. குறுகிய காலச் சோதனைகளில் எடை கொஞ்சம் குறைந்தாலும், நீண்ட காலத்துக்கு நம்பத்தக்க பலன் தெரியவில்லை என்பதுதான் அதன் வாதம். பரிந்துரையையும் நிபந்தனையோடுதான் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது.

இன்சுலின் விஷயத்துக்கு வருவோம். இனிப்பு நாக்கில் பட்டதுமே உடம்பு ஏமாந்து இன்சுலினைக் கொட்டும் என்ற பேச்சு பலமாகப் பரவியிருக்கிறது. டயட் கோலாக்களில் அதிகம் சேர்க்கப்படும் செயற்கை இனிப்பான அஸ்பார்டேம், வழக்கமாகக் குடிக்கும் அளவில் ரத்தச் சர்க்கரையையோ இன்சுலினையோ குறிப்பிடும்படி ஏற்றுவதாகச் சோதனைகள் காட்டவில்லை. சர்க்கரையைவிட 200 மடங்கு இனிப்பு என்பதால் ஒரு கேனுக்குத் துளியளவே தேவைப்படுகிறது. அதுவும் சிறுகுடலிலேயே உடைந்து உட்கிரகிக்கப்பட்டுவிடும். சாக்கரின், சுக்ரலோஸ் என்ற மற்ற இரண்டு செயற்கை இனிப்புகள் கொஞ்சம் வேறு மாதிரி. அவை உடையாமல் போகக்கூடியவை. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், 120 பேரில் இந்த இரண்டையும் இரண்டு வாரம் எடுத்தவர்கள் சிலருக்குக் குடல் நுண்ணுயிரிகள் மாறி, சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையும் கொஞ்சம் கூடியது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. இதை வைத்து நான் யாரையும் பயமுறுத்த மாட்டேன். ஆனால் "எவ்வளவு குடித்தால் என்ன?" என்ற உங்கள் தோழியின் கட்சியிலும் சேர மாட்டேன்.

புற்றுநோய் பற்றிய பயம் 2023 ஜூலையில் கிளம்பியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அஸ்பார்டேமை '2பி' என்ற வகையில் சேர்த்தது. புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் ஆதாரம் போதாது என்று அதற்கு அர்த்தம். ஒரு பொருளால் ஆபத்து இருக்க முடியுமா என்று மட்டும்தான் அந்தப் பட்டியல் பார்க்கும். எவ்வளவு எடுத்தால் ஆபத்து என்று சொல்லாது. அளவைச் சொல்வது இன்னொரு குழு. அவர்கள் அதே நாளில், ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று அறிவித்தார்கள். 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட தினமும் 9 முதல் 14 கேன் வரை குடிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். ஆகவே இதுவரை குடித்ததை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்தப் பத்து மணி கேன்தான். ஒரு டயட் கோலாவில் சுமார் 40 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. ஐந்து கேனுக்கு 200. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் 400 வரை பரவாயில்லை என்பார்கள், ஆகவே மொத்த அளவு பெரிய பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. உடலில் சேர்ந்த காஃபினில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் குடித்ததில் பாதி நள்ளிரவு மூன்று மணிக்கும் உள்ளே இருக்கும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பையும் பொரித்ததையும் தேடும் பசி. சிகாகோவில் வழக்கமாக ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், எடை கூடிய 80 பேரில் ஒரு குழுவை மட்டும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத் தூங்க வைத்தார்கள். வேறெந்தக் கட்டுப்பாடும் இல்லை. மற்ற குழுவோடு ஒப்பிட்டால் அவர்கள் தினமும் சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். உங்கள் சிப்ஸ் பாக்கெட்டின் கணக்கும் அதேதான் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்பேன்.

பல்லையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை இல்லாததால் பூச்சிப்பல் பயம் குறைவு. ஆனால் அமிலம் அப்படியே இருக்கிறது. அமிலத்தை அளக்கும் பிஎச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம். கோலாவின் பிஎச் 3-ஐ ஒட்டி இருக்கும், சிலவற்றில் அதற்கும் கீழே. 5.5-க்குக் கீழே போனாலே பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். மேசையில் வைத்து மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவதுதான் ரொம்பக் கெடுதல். குடித்து முடித்துவிட்டு வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் தேய்க்காதீர்கள், அரை மணி நேரமாவது போகட்டும்.

இனி என்ன செய்வது? காலையிலிருந்து ஐந்து கேனை நினைத்துப் பட்டினி கிடக்கிற மாதிரி ஆக வேண்டாம், படிப்படியாக இறங்குங்கள். திடீரென்று நிறுத்தினால் காஃபின் இல்லாமல் இரண்டு மூன்று நாள் தலைவலி படுத்தும். முதலில் போக வேண்டியது இரவு கேன். அந்த இடத்தில் இனிப்பே இல்லாத வெறும் சோடா வைத்துக்கொள்ளுங்கள். நுரைக்கும் குளிர்ச்சிக்கும்தான் நாக்கு ஏங்குகிறது என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவரும். அடுத்தது அந்தச் சாயங்காலக் கேன். அதைச் சிப்ஸிலிருந்து பிரியுங்கள். டயட் கோலா வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டோடு குடியுங்கள். சாயங்காலம் பசித்தால் அது உண்மையான பசி, அதற்குச் சாப்பாடுதான் வேண்டும்: ஒரு பழம், ஒரு கைப்பிடி கடலை, தயிர், வேக வைத்த முட்டை, எது கிடைக்கிறதோ அது. மூன்று மணிக்கு மேல் காஃபின் உள்ள எதுவும் வேண்டாம். இந்த ஏற்பாட்டில் ஒன்றிரண்டு கேன் நிம்மதியாக இடம் பெறும். மூன்று நான்கு வாரம் இதை மட்டும் செய்து பாருங்கள். வேறெதையும் மாற்ற வேண்டாம், மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். வாரத்துக்கு ஒரே நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள்.

நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம் உள்ளவர்களுக்கு வாயு நிறைந்த பானம் எதுவுமே ஒத்துக்கொள்ளாது. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது, கேனிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் ஒரு நாள் காஃபினை 200 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா விஷயம் தனி. சர்க்கரை போட்ட சோடாவுக்குப் பதில் அவர் டயட் சோடா குடிப்பது நல்லதே, எப்போதாவது ஒன்று தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் இரண்டு விஷயம் உடனே செய்யுங்கள். சமீபத்தில்தான் சர்க்கரைப் பானத்தை விட்டார் என்றால் அவருடைய ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கும். பழைய அளவு இன்சுலினே இப்போது அதிகமாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லி அளவைச் சரிபாருங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். இரண்டாவது, இன்சுலின் போடுபவருக்கு எந்த நேரமும் லோ சுகர் வரலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம். அந்த நேரத்தில் அவசரத்துக்குக் கையில் கிடைத்த டயட் சோடாவைக் கொடுத்தால் ஒரு பயனும் இருக்காது, அதில் சர்க்கரையே இல்லை. அவருக்கு உடனே வேண்டியது 15 கிராம் சர்க்கரை: சாதாரண கோலா என்றால் அரை கேன் அளவு, இல்லையென்றால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து. 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ரத்தச் சர்க்கரை 70-க்குக் (mg/dL) கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு. மயங்கி இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். டயட் கேனும் சாதாரண கேனும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால் அவசரத்துக்கென்று வைப்பதை ஃபிரிட்ஜில் தனித் தட்டில், அம்மாவுக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள், உங்கள் எடை இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும்.